அந்தக்காவின் பென்சில் வட்டங்கள்

எனக்கு இன்னைக்கு வரைக்கும் அந்தக்கா மேல கோவம் போகலை. முதல்லயே சொல்லிடறேன். பேச்சுவாக்குல நான் அவங்களைப் பாராட்டுற மாதிரி ஏதாச்சும் வந்துட்டா, அது வாய் தவறி வந்ததுன்னு வச்சுக்குங்க.

அரியலூர்ல பஸ் ஸ்டாண்டுலேர்ந்து கடைத்தெருவுக்குப் போற வழியில ஒரு சின்ன பிரஸ். கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, நாடக நோட்டீஸ், வாழ்த்து மடல், இதான் அங்க வேலை. அந்தக்கா அங்க எழுத்துக் கோக்கிறவங்க. ஈய எழுத்தை ஒண்ணொண்ணா பெட்டியிலேர்ந்து பொறுக்கி அடுக்கி, மை தடவி, ஒரு தாள்ல ஒத்தி எடுத்து, தப்பு இருக்கான்னு பாக்க நம்மகிட்ட குடுப்பாங்க. அந்தத் தாளுக்குப் பேரு புரூப். எட்டாவதோட படிப்பை நிறுத்தினவங்க. வயசு முப்பத்தஞ்சு இருக்கும். கண்ணாடியில ஒரு காலு உடைஞ்சு நூலு கட்டியிருப்பாங்க. காதுல ஒரு துண்டுப் பென்சில் சொருகியிருக்கும். அந்தப் பென்சில்தான் எனக்கு எமன்.

நான் அப்ப செந்துறைப் பக்கம் ஒரு ஊர்ல ஆரம்பப் பள்ளிக்கூட வாத்தியார். எமர்ஜென்சி முடிஞ்ச சமயம். எங்க பக்கம் கல்யாணம்னா வாழ்த்து மடல் படிச்சாத்தான் தாலி கட்டின மாதிரி. சிநேகிதக்காரங்க சேந்து பாட்டு எழுதி, அச்சடிச்சு, கண்ணாடி போட்டு, மைக்குல ராகம் இழுத்துப் படிச்சு மாப்பிள்ளை கையில குடுப்பாங்க. சுத்துப்பட்டுல அதை எழுதுற ஆளு நான்தான். ஊருக்கு ஊரு என்னை "கவிஞர் சார்"னு கூப்பிட்டுட்டு இருந்தாங்க. அந்தப் பிரசுக்குள்ள கால் வச்ச அன்னைக்குப் புடிச்சது சனி.

முதல் தடவை கொண்டு போனது என்கூட வேலை பாத்த ஒருத்தரோட கல்யாணத்துக்கு. அந்தக்கா வாங்கிப் படிச்சுட்டு, "சார், பொண்ணு நிலவுன்னு போட்டிருக்கீங்க. அடுத்த வரியில மாப்பிள்ளை கதிரவன்"னாங்க.

"ஆமாக்கா. நல்லாருக்கா?"

"ஒருத்தர் வர்றப்ப ஒருத்தர் போயிடுவாங்களே. ரெண்டு பேரும் எப்ப சார் ஒண்ணா உக்காந்து சோறு தின்பாங்க?"

எனக்குச் சுருக்குன்னு ஆயிடுச்சு. "அதெல்லாம் கவிதைக்கா, அப்படியெல்லாம் கேக்கக் கூடாது"ன்னேன்.

"கவிதைன்னா கேக்கக் கூடாதா? அப்புறம் எதுக்கு மைக்குல படிக்கிறீங்க?" அதோட விட்டாங்களா? "இந்த மாசம் இது மூணாவது கல்யாணம். மூணு பேரு எழுதினது, மூணுலயும் நிலவு. பெட்டியில 'நி' தீந்துபோச்சு. வேற ஏதாவது இருந்தா எழுதிக் குடுங்க, இல்லாட்டி முந்தின மடலை அடிச்சு முடிச்சு எழுத்தைப் பிரிச்சுப் பெட்டியில போடுற வரைக்கும் இருங்க." அங்கயே நின்னு நிலவை எல்லாம் அடிச்சு மாத்தினேன். பக்கத்துல பில்லு புத்தகம் அடிக்க வந்த ஆளு என்னையே பாத்துக்கிட்டு இருந்தான். மானம் போச்சு.

அவங்களுக்கு இது வியாதி. எதுத்தாப்புல டீக்கடை. காலையிலேர்ந்து ரேடியோவுல சினிமாப் பாட்டு ஓடும். கை பாட்டுக்கு எழுத்தைப் பொறுக்கும், காது மட்டும் அந்தப் பாட்டுல இருக்கும். ஒருநாள் ஒரு பாட்டு. காதலன் காதலியை மானேங்கிறான், மீனேங்கிறான், புறாவேங்கிறான். நான் சொக்கிப்போயித் தலையாட்டிட்டு நின்னேன்.

"மான், மீன், புறா. எல்லாம் புடிச்சுத் திங்கிறதாவே பாத்து வச்சிருக்கான் பாருங்க"ன்னாங்க அந்தக்கா, தலையைத் தூக்காமலே.

அந்தப் பாட்டு அத்தோட எனக்குச் செத்துச்சு. எத்தனை பாட்டை இப்படிச் சாகடிச்சாங்கங்கிறதுக்குக் கணக்கே கிடையாது. ஒரு தாலாட்டைக் கேட்டுட்டு, "இதுல அழுவுறது புள்ள இல்ல சார், ஆத்தா. புள்ள எப்பவோ தூங்கிடுச்சு, ரெண்டாவது அடியிலயே. அப்புறமும் ஏன் பாடிக்கிட்டு இருக்கா?"ன்னாங்க. எங்கம்மா பாடினது ஞாபகம் வந்து அன்னைக்குப் பஸ்ல செந்துறை வர்ற வரைக்கும் ஒரு மாதிரியாவே இருந்துச்சு. நிம்மதியா ஒரு பாட்டு கேக்க விடமாட்டாங்களா ஒரு மனுசனை?

ஒரு தடவை நேராவே கேட்டுட்டேன். "இவ்வளவு பேசுறீங்களே, நீங்களே ஒண்ணு எழுதுங்களேன்."

"எனக்கு எழுத வராது சார். எழுதினதுக்குள்ள என்ன இருக்குன்னுதான் தெரியும். நீங்க ஒரே மூச்சுல எழுதிட்டுப் போயிடறீங்க. நான் ஒவ்வொரு எழுத்தாக் கையில எடுத்து வைக்கிறவ. 'விளக்கு'ன்னு கோக்க நாலு எழுத்து தேடணும். தேடுறப்ப, யாரு ஏத்துனா, யாரு எண்ணெய் ஊத்துவான்னு தோணாமலா இருக்கும்?"

நான் புரூப்பைச் சுருட்டிக்கிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.

இதைக் கேளுங்க. எங்க ஊருக்குப் பக்கத்துல ஒரு பெரியவர் செத்துட்டாரு. கருமாதிக்கு என்னையும் கூப்பிட்டிருந்தாங்க. சாப்பாட்டுக்கு முன்னாடி இரங்கல் மடல் படிச்சாங்க. முதல் வரி காதுல விழுந்ததுமே தூக்கிவாரிப் போட்டுச்சு. என் பாட்டு! ரெண்டு மாசம் முன்னாடி ஒரு கல்யாணத்துக்கு நான் எழுதினது! "குடும்பத்தின் ஒளிவிளக்கே, குலம் காத்த நிழல்மரமே"ன்னு போகுது, சனம் மூக்கைச் சிந்துது. "வாழ்வாய்"ங்கிறது "வாழ்ந்தாய்" ஆயிருக்கு. கடைசியில "வருக"வுக்குப் பதிலா "சென்று வருக". அவ்வளவுதான் மாத்தம்.

மறுநாள் முதல் பஸ் புடிச்சுப் போயிக் கத்தினேன். பிரஸ்ல வழக்கம் என்னன்னா, கோத்த பாட்டைப் பிரிக்காம கட்டி வச்சிருப்பாங்க, அவசரம்னா பேரை மட்டும் மாத்தி அடிச்சுடலாம். கருமாதிக்கு முந்தின நாள்தான் வந்து கேட்டாங்களாம், முதலாளியும் சரின்னுட்டாராம்.

"கல்யாணப் பாட்டை எழவுக்குப் போடுவீங்களாக்கா?"

"பேரோட சேத்து நாலு இடத்துலதான் சார் கை வச்சேன். மத்ததெல்லாம் அப்படியே பொருந்திடுச்சு. நானே பயந்துட்டேன்"னாங்க. நெசமாவே பயந்த மூஞ்சியாத்தான் இருந்துச்சு, அதான் இன்னும் எரிச்சல். "அந்த விளக்கு அந்தப் பொண்ணுக்குன்னே எழுதினதா இருந்தா எழவு வூட்டுக்குப் போயிருக்குமா?"

எந்திரிச்சு வந்தேன். மூணு மாசம் அந்தப் பக்கமே போகலை. பெரம்பலூர்ல வேற ஒரு பிரஸ்ல குடுத்துப் பாத்தேன். அங்க ஒரு கேள்வியும் கேக்கலை, பாராட்டி, டீ வாங்கிக் குடுத்தாங்க. மடலைப் பிரிச்சுப் படிச்சா, எனக்கே உப்பில்லாத கஞ்சி மாதிரி இருந்துச்சு. பாருங்க, புத்தியைக் கெடுத்து வச்சுட்டாங்க.

அப்புறம் பொங்கலுக்கு நான் ஒரு நாடகம் போட்டேன். நோட்டீஸ் அடிக்க வேற வழியில்லாம அங்கதான் போனேன். கதையைக் கேட்டாங்க. கையெழுத்து நோட்டையும் வாங்கி ரெண்டு நாள் வச்சுப் படிச்சிருக்காங்க. திரும்பிப் போனப்ப நோட்டு பூரா வட்டம். நாடகத்துல வர்ற தாயோட ஒவ்வொரு இருமலுக்கும் ஒரு வட்டம்.

"சார், இந்தம்மா முதல் காட்சியிலேர்ந்து இருமுறாங்க. சாவப்போறாங்கன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு. மூணு புள்ளைங்க பக்கத்துல நின்னு பத்தி பத்தியா வசனம் பேசுதுங்க. ஒருத்தராவது ஒரு டம்ளர் தண்ணி குடுத்தாங்களா?"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு நோட்டைப் புடுங்கிட்டு வந்துட்டேன். ஆனா மேடையில கடைசி மகள் ஒரு சொம்புல தண்ணி கொண்டாந்து குடுக்கிற மாதிரி வச்சேன். வசனமே இல்ல. சொம்பு கைமாறினப்ப முன்னாடி உக்காந்திருந்த பொம்பளைங்க ஓன்னு அழுதாங்க. நான் எழுதின ரெண்டு பக்க வசனத்துக்கு ஒருத்தியும் அழலை. இதை நான் அந்தக்காகிட்டப் போயிச் சொல்லலை. ஏன் சொல்லணும்?

அவங்க சொந்தக் கதையைச் சொன்னது ஒரே ஒரு தடவை. ஒரு மடல்ல பொண்ணைக் கொடின்னும், மாப்பிள்ளையைக் கொம்புன்னும் எழுதியிருந்தேன். புரூப்புல வட்டம் போட்டு வச்சிருந்தாங்க. என்னன்னு கேட்டேன்.

"என் கல்யாணத்துலயும் மடல் படிச்சாங்க சார். அதுலயும் நான் கொடிதான். ரெண்டாம் வருசமே கொம்பு சொல்லாம கொள்ளாம திருப்பூருக்குப் போயிடுச்சு. கொம்பு போயிட்டா கொடி என்ன செய்யணும்னு மடல்ல எங்கயாச்சும் இருக்கான்னு எடுத்துப் பாத்தேன். இல்ல. அப்புறம் இங்க வேலைக்கு வந்தேன்." சொல்லிட்டு, "ரெண்டாவது வரியில ஒரு புள்ளி வுட்டுப்போச்சு"ன்னு காட்டினாங்க. அன்னைக்குத்தான் முதல் தடவையா நானாக் கொடியை அடிச்சேன்.

இப்ப என் தங்கச்சி விசயத்துக்கு வரேன். இதைச் சொல்லத்தான் உக்காந்தேன்.

தங்கச்சி பேரு தனம். எஸ்.எஸ்.எல்.சி.யில பள்ளிக்கூடத்துலயே ரெண்டாவதா வந்தவ. டீச்சர் டிரெயினிங்குக்கு எழுதிப் போட்டிருந்தா, திருச்சியில இன்டர்வியூன்னு கார்டு வந்துச்சு. நான்தான் வாங்கிப் படிச்சுக் காட்டினேன். அன்னைக்கு எனக்கிருந்த சந்தோசத்துல பிரஸ் வரைக்கும் போயி அந்தக்காகிட்டச் சொன்னேன். அவங்க எழுத்துப் பெட்டியை வுட்டு எந்திரிச்சு, எதுத்த கடையிலேர்ந்து டீ சொன்னாங்க. அவங்க எனக்கு டீ வாங்கிக் குடுத்தது அந்த ஒரு நாள்தான்.

பத்து நாள் கழிச்சு பூலாம்பாடியிலேர்ந்து எங்க அத்தை வந்தாங்க. அப்பா இல்லாத குடும்பம், அப்பாகூடப் பொறந்தவங்க சொன்னா சொன்னதுதான். அவங்க மகனுக்குத் தனம், எனக்கு அவங்க மகள். பொண்ணு குடுத்துப் பொண்ணு எடுக்கிறது. தனம் கல்யாணம் முதல்ல, மூணு மாசம் கழிச்சு என்னது. எனக்கு அத்தை மகள் மேல ரொம்ப நாளா ஒரு கண்ணு. மறைக்கிறதுக்கு என்ன இருக்கு? தனம் சரின்னாத்தான் எனக்கு நடக்கும். அம்மா "தானாத் தேடி வர்ற சம்பந்தம்"னாங்க. நான் "டிரெயினிங் எங்க ஓடிடப்போவுது, கல்யாணத்துக்கப்புறம் பாத்துக்கலாம்"னேன். தனத்தை யாரும் கேக்கலை. கல்யாணம் முடிஞ்ச நாலாம் நாள் இன்டர்வியூ. அது எனக்குத் தெரியும்.

தங்கச்சி கல்யாணத்துக்கு அண்ணன் எழுதாம யாரு எழுதுவா? ராத்திரி பகலா உக்காந்து எழுதினேன்:

மலையென நிமிர்ந்தவன் மணமகன் வந்தான்,
மாடத்து விளக்கென மங்கையும் நின்றாள்.
கலப்பையைப் பிடித்தவன் கழனியை வெல்வான்,
குதிருக்குள் நெல்லெனக் குலமகள் நிறைவாள்.
சிறகினை விரித்தவன் திசைகளை அளப்பான்,
கூட்டுக்குள் புறாவெனக் கூடியே இருப்பாள்.
கடலையும் கடந்தவன் களிப்புடன் மீள்வான்,
பேழைக்குள் முத்தெனப் பெருமையைக் காப்பாள்.

நிலவு கிடையாது, கொடி கிடையாது. இதுல என்னத்தை நொட்டை சொல்லிடுவாங்கன்னு தெம்பாத்தான் போனேன்.

அந்தக்கா பேரைப் படிச்சுட்டு, "கார்டு வந்த தங்கச்சியா?"ன்னாங்க.

"ஆமாக்கா."

"அப்ப டிரெயினிங்?"

"அதெல்லாம் பொறவு பாத்துக்கலாம்."

வேற எதுவும் கேக்கலை. தாளை வாங்கி எதுக்க இருந்த ஆணியில குத்திட்டு எழுத்துப் பொறுக்க ஆரம்பிச்சாங்க.

ரெண்டு நாள் கழிச்சுப் புரூப் வாங்கிட்டு வந்தேன். பஸ்ல பிரிச்சுப் பாத்தா நாலு வட்டம். மாடம், குதிர், கூடு, பேழை. ஓரத்துல பென்சில்ல ரெண்டே வார்த்தை: "கதவு எங்கே?"

அவங்களோட பழகிப் பழகி எனக்கும் அந்தப் புத்தி ஒட்டியிருந்துச்சே. பாத்ததும் புரிஞ்சுபோச்சு. மாப்பிள்ளை உழுவுறான், பறக்கிறான், கடல் தாண்டுறான். என் தங்கச்சியை நாலு டப்பாவுல போட்டு அடைச்சிருக்கேன். என்னை அறியாமலே. அறியாமத்தானா? அட, அந்தக் கேள்வியை எனக்குள்ள கேட்டுடக் கூடாதுன்னுதான் அந்தக்கா மேல கோவப்பட்டேன். கூலிக்கு எழுத்துக் கோக்கிறவங்களுக்கு எங்க வூட்டு விசயத்துல என்ன வேலைன்னு மனசுக்குள்ள திட்டிக்கிட்டே வந்தேன்.

வூட்டுல பெட்டி மேல வச்சுட்டுக் கை கால் கழுவப் போனேன். வந்து பாத்தா தனம் அந்தத் தாளைக் கையில வச்சுக்கிட்டு நிக்கிறா.

"அண்ணே, இந்தக் கேள்விக்கு என்ன பதில் எழுதப்போற?"

"அது அச்சுக்காரம்மா திமிரு. நீ போயி வேலையைப் பாரு"ன்னேன். பசங்க பரீட்சை பேப்பர் திருத்துற சிவப்புப் பேனா சட்டைப் பையில இருந்துச்சு. அவ கையிலேர்ந்து தாளை வாங்கி, அவ கண்ணு முன்னாடியே "உள்ளபடி அச்சிடவும்"னு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவ பாத்துக்கிட்டே இருந்தா. அப்புறம் அடுப்படிக்குப் போயிட்டா.

மறுநாள் தாளைப் பிரஸ்ல குடுத்துட்டு வந்தேன். கல்யாணத்துல மடல் படிச்சப்ப கைதட்டல் அள்ளிச்சு. கண்ணாடி போட்டு மாப்பிள்ளை கையில குடுத்தேன். நாலாம் நாள் மறுவூட்டு விருந்து, திருச்சி பஸ் அது பாட்டுக்குப் போச்சு. மூணு மாசத்துல என் கல்யாணமும் நடந்துச்சு. அதுக்கு நான் மடல் எழுதலை, யாரையும் எழுத விடவும் இல்ல. பிரசுக்கும் போகலை. எழுத உக்காந்தா ஒவ்வொரு வார்த்தையைச் சுத்தியும் ஒரு வட்டம் தெரிஞ்சுச்சு. கவிஞர் சாரு கதை அத்தோட முடிஞ்சுச்சு.

பத்து வருசம் கழிச்சு, ஒரு பொங்கலுக்கு முன்னாடி பூலாம்பாடி போயிருந்தேன். தனம் வூட்டுல வெள்ளையடிச்சுட்டு இருந்தாங்க. செவத்துல மாட்டியிருந்ததெல்லாம் கீழ இறக்கி வச்சிருந்துச்சு, நம்ம மடலும். சட்டத்தைக் கரையான் அரிச்சிருந்துச்சு.

"வேற சட்டம் போட்டுக் கொண்டாரேன்"னு எடுத்தேன்.

"பின்னாடி அட்டையை எடுக்கிறப்ப பாத்து எடுண்ணே. ஒரு தாளு இருக்கு"ன்னா தனம்.

எடுத்தேன். அதே புரூப். மஞ்சளாயிப்போயி, நாலு வட்டமும் அப்படியே இருக்கு. பென்சில்ல "கதவு எங்கே?" அதுக்குக் கீழ சிவப்புல என் கையெழுத்து. கையெழுத்துப் போட்ட புரூப்பைப் பிரஸ்லயே கம்பியில குத்தி வச்சுக்குவாங்க, யாருக்கும் திருப்பித் தரமாட்டாங்க. அந்தக்கா அதை மடல் கட்டுக்குள்ள வச்சு அனுப்பியிருக்காங்க. கட்டைப் பிரிச்சவ தனம்.

"இதை எதுக்கும்மா வச்சிருக்க?"

"அத்தனை பேரு வந்து சாப்புட்டாங்க, மொய் எழுதுனாங்க, கை தட்டுனாங்க. ஒருத்தங்கதான்ணே கேட்டாங்க. அதுவும் மூஞ்சி தெரியாதவங்க." கோவமா எல்லாம் சொல்லலை. வெங்காயம் உரிச்சுக்கிட்டே சொன்னா. "நீ கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேன்."

எனக்கு அங்க உக்காரவே முடியலை. பெரம்பலூர் வந்து, பஸ் மாறி, நேரா அரியலூர். வழியெல்லாம் அந்தக்கா மேலதான் கொதிச்சுக்கிட்டு வந்தேன். வேற யார் மேல கொதிக்கிறது?

பிரஸ் அப்படியேதான் இருந்துச்சு. அந்தக்காவுக்குத் தலை நரைச்சிருந்துச்சு. கண்ணாடி புதுசு, பென்சில் அதே காதுல. தாளை எடுத்து முன்னாடி போட்டேன்.

"இவ்வளவு தெரிஞ்சவங்க ஏங்க்கா இதை அச்சடிச்சீங்க? முடியாதுன்னு சொல்லியிருக்கலாம்ல? என் மூஞ்சியில வீசியிருக்கலாம்ல?"

தாளை வெளிச்சத்துல புடிச்சுப் படிச்சாங்க. அவங்களுக்கு உடனே ஞாபகம் வரலை. ஆயிரம் கல்யாணம் பாத்த கை. வட்டத்தைப் பாத்து, சிவப்பு எழுத்தைப் பாத்து, அப்புறம் என்னைப் பாத்தாங்க.

"கேக்கிறதே என் வேலை இல்ல சார். கோக்கிறதுதான் வேலை. இருந்தும் கேட்டேன். நிறுத்துறது உங்க கையில இருந்துச்சு. நீங்க கையெழுத்துப் போட்டுட்டீங்க."

பத்து வருசமா அவங்க மேல வச்சிருந்த கோவத்தை வேற எங்க கொண்டு போயி வைக்கிறதுன்னு தெரியலை. இன்னைக்கும் தெரியலை, அதான் இன்னும் அவங்க மேலயே வச்சிருக்கேன்.

தாளை நாலா மடிச்சு என் கையில குடுத்தாங்க. "தங்கச்சி இப்ப எப்படி இருக்கு?"

"நல்லா இருக்குக்கா. வூட்டுலதான் இருக்கு."

சொன்னதுக்கப்புறம்தான் அந்த 'வூட்டுலதான்' என் காதுல விழுந்துச்சு. அந்தக்கா கை காதோரம் பென்சில் வரைக்கும் போச்சு. நான் பாத்துக்கிட்டே நின்னேன், கேக்கட்டும்னு. கேக்கலை. கையை இறக்கிட்டு, குனிஞ்சு அடுத்த எழுத்தைப் பொறுக்க ஆரம்பிச்சுட்டாங்க.